முதல் பல நாள் மலைச் சைக்கிள் பந்தயத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து தயாராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் காரைக்குடியிலிருந்து என்னோடு சைக்கிள் ஓட்ட வரும் தம்பிகளும் தங்கைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் இப்படிப்பட்ட பந்தயங்களில் இரண்டு முறை ஓடியிருக்கிறேன். முதல் முறை மூன்றாம் நாள் பாதி வழியில் இறங்கிவிட்டேன். இரண்டாம் முறை முடித்தேன். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் என் கால்களில் பெரிய வலிமை ஏதும் புதிதாக வந்துவிடவில்லை. மறுநாள் காலையை மனத்தில் வைத்து இன்றைய நாளை ஓட்டக் கற்றுக்கொண்டேன். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவைதான்.

பல நாள் பந்தயம் என்றால் சரியாக என்ன?

மூன்று நாள் முதல் எட்டு நாள் வரை, நாள்தோறும் காட்டுப் பாதையிலும் மலைப் பாதையிலும் குறிப்பிட்ட தூரம் ஓட்ட வேண்டும். ஒரு நாள் ஓட்டத்தை ஒரு கட்டம் என்கிறார்கள். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, மொத்தத்தில் குறைந்த நேரம் எடுத்தவரை முதல்வராக அறிவிப்பார்கள். கோஸ்டாரிகாவில் 1993-இல் தொடங்கிய லா ருட்டா, தென்னாப்பிரிக்காவில் 2004-இல் தொடங்கிய கேப் எபிக் ஆகியவை உலக அளவில் பெயர் பெற்றவை. நம் நாட்டில் ஹிமாச்சலப் பிரதேச மலைகளில் நடந்த எம்டிபி ஹிமாலயாவைப் பார்த்துத்தான் பலருக்கு இந்த ஆசையே வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் நாள் ஓட்டமும் நடையுமாக முந்திப் போகிறவரை யாரும் மெச்சுவதில்லை. கொப்புளத்துக்கு மருந்து போட்டு, நேரத்துக்குப் படுத்து, மறுநாள் மற்றவர்களோடு எழுந்து நடப்பவர்தான் பழனி போய்ச் சேருகிறார். நகரத்தார் காவடிக்குத் திரும்பி வருவதும் நடையாகத்தான். பல நாள் உழைப்பை உடம்பு எப்படித் தாங்கும் என்பதை அறிந்த பெரியவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.

காரைக்குடியைச் சுற்றி மலையே இல்லையே. சமதளத்தில் பழகி மலையில் ஓட்ட முடியுமா?

முடியும். ஏற்றத்துக்கு இங்கேயே பெரும்பகுதி தயாராகலாம். இறக்கத்துக்கு மட்டும் வெளியே போயே ஆக வேண்டும்.

மலை இல்லாத ஊரில் காற்றுதான் மலை. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை எதிர்த்துக் காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர்ப் பக்கம் ஓட்டிப் பாருங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நீங்கள் பறக்க முடியாமல் ஒரே இடத்தில் மிதிப்பதுபோல இருக்கும். கனமான கியர் ஒன்றில் வைத்து, பெடல் நிமிடத்துக்கு 50 முதல் 60 சுற்று மட்டும் சுழலும்படி, பத்து நிமிடம் இடைவிடாமல் மிதியுங்கள். ஐந்து நிமிடம் இளைப்பாறுங்கள். இப்படி நான்கு முறை. இடுப்பை ஆட்டாமல் உட்கார்ந்தபடியே மிதிக்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் தொடைக்கு வரும் பாரம் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். முழங்கால் வலித்தால் உடனே கியரை இலகுவாக்குங்கள்.

சைக்கிளைக் கட்டுப்படுத்தும் திறமைக்கு நம் கண்மாய்க் கரைகள் போதும். ஒற்றையடித் தடத்தில் ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் முள். கண்ணை முன் சக்கரத்தில் வைக்காமல் பத்தடி தள்ளி வைக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். கோடையில் வற்றிய கண்மாய்க்குள் இறங்கினால் பொடி மணல் கிடைக்கும். அதில் முன் சக்கரம் புதையாமல் ஓட்ட உடம்பைச் சற்றுப் பின்னே தள்ளி, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்து, மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கத்துச் செம்மண் சரளையில் திருப்பத்தில் டயர் எப்போது வழுக்கும் என்பது தெரிந்துவிடும்.

நீண்ட ஓட்டத்துக்கு எனக்குப் பிடித்த வழி, நகரக் கோவில்கள் ஒன்பதையும் தொட்டு வருவது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. தார்ச்சாலையை விட்டு மண் பாதைகளில் புகுந்து போனால் ஒரு நாள் முழுக்க ஓட்டம் இருக்கிறது. ஒவ்வொரு கோவிலிலும் ஊருணிக்கரை நிழல் உண்டு. பந்தயத்தில் இடையிடையே வரும் உணவு நிலையங்களைப் போலவே அந்த நிறுத்தங்களைப் பயன்படுத்துங்கள்: ஐந்து நிமிடத்துக்குள் தண்ணீர் நிரப்பி, ஏதாவது தின்று, கிளம்ப வேண்டும்.

பிரான்மலையையும் மறக்க வேண்டாம். பாரியின் பறம்பு என்று நாம் சொந்தம் கொண்டாடும் அந்த மலை சைக்கிளுக்கானது அல்ல. நடந்து ஏறி இறங்குங்கள். பெரும்பாலான பந்தயங்களில் சைக்கிளைத் தோளில் சுமந்தோ தள்ளிக்கொண்டோ ஏற வேண்டிய இடங்கள் வரும். அன்றாடம் பெடலில் மட்டும் பழகிய கெண்டைக்கால் அங்கேதான் பிடித்துக்கொள்ளும்.

இறக்கத்துக்குச் சிறுமலை போங்கள். திண்டுக்கல்லிலிருந்து ஏறும் அந்தச் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மூன்று நான்கு வார இறுதிகளில் போய் ஏறி இறங்கினாலே பெரிய வேறுபாடு தெரியும். இன்னும் வேண்டுமானால் 70 வளைவுகளுள்ள கொல்லிமலை இருக்கிறது. இறங்கும்போது பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. பிரேக் தட்டு சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். வளைவுக்கு முன்பே உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். சாலையை விட்டு வனத்துறை நிலத்துக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள்.

எத்தனை மாதம் முன்பே தொடங்க வேண்டும்?

இரண்டு மணி நேரம் சிரமமில்லாமல் ஓட்டக்கூடியவருக்கு 16 வாரம் போதும். அதற்கும் குறைவான பழக்கம் உள்ளவர் முதலில் இரண்டு மாதம் ஓட்டிப் பழகிவிட்டு அந்தக் கணக்கைத் தொடங்கட்டும்.

முதல் எட்டு வாரம் மெதுவான ஓட்டம்தான் அதிகம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். மூச்சிரைத்துப் பேச்சு அறுந்தால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் மேலே சொன்ன கனமான கியர் பயிற்சி. அடுத்த ஐந்து வாரத்தில் நோக்கம் மாறுகிறது: சனிக்கிழமை நான்கு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நான்கு மணி நேரம். ஞாயிறு காலையில் கால் கனக்கும். அந்தக் கனத்தோடு ஓட்டிப் பழகத்தான் இந்த ஏற்பாடு. நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள்.

பந்தயத்துக்கு நான்கு வாரம் முன்னதாக ஒரு மூன்று நாள் ஒத்திகை கட்டாயம். வெள்ளி, சனி, ஞாயிறு. பந்தயத்தில் போடப் போகும் அதே கால்சட்டை, அதே காலணி, அதே உணவு, அதே பை. முதல் முறை நான் இதைச் செய்யவில்லை. தனித்தனியாக எல்லா ஞாயிறும் நூறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன் என்ற நம்பிக்கையோடு போனேன். மூன்றாம் நாள் என்ற ஒன்றை என் உடம்பு அதுவரை பார்த்ததே இல்லை.

கடைசிப் பத்து நாளில் நேரத்தைப் பாதியாக்கி, இடையிடையே சிறு சிறு வேக ஓட்டங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன பயிற்சியை அந்தப் பத்து நாளில் ஈடுகட்ட முயல்கிறவர் களைப்போடுதான் தொடக்கக் கோட்டில் நிற்பார்.

கடை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். வார நாளில் நேரமே இல்லை.

காலை 5 மணிக்குக் கிளம்பினால் ஆறரைக்கு வீடு திரும்பலாம். வாரத்தில் மூன்று நாள் அது கிடைத்தால் போதும். வார இறுதி இரண்டு நாளும் பறிபோகாமல் இருக்க வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, எந்த வாரங்கள் என்று நாட்காட்டியில் குறித்துக் கொடுங்கள். இரவுத் தூக்கத்தைக் குறைத்துப் பயிற்சி செய்வதற்கு நான் எதிரானவன். தூக்கம் கெட்ட வாரத்தில் ஓட்டத்தைக் குறையுங்கள்.

சித்திரை வெயிலில் ஓட்டலாமா?

தாங்கும் அளவுக்கு ஓட்டலாம். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் வியர்வை சீக்கிரம் சுரக்கத் தொடங்கும், இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். முதல் வாரம் காலை எட்டு மணிக்குள் முடித்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை நீட்டுங்கள். தலைசுற்றல், குளிர் நடுக்கம், வியர்வை நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிழலுக்குப் போய்த் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். தனியாக ஓட்டும் நாளில் எந்த வழியில் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எந்தச் சைக்கிள் வாங்க வேண்டும்?

கையில் இருக்கும் மலைச் சைக்கிள் உங்கள் உயரத்துக்குப் பொருத்தமாக இருந்து, டிஸ்க் பிரேக் நன்றாக வேலை செய்து, ஏற்றத்துக்குப் போதுமான இலகு கியர் இருந்தால் அதுவே போதும். முன் பக்கம் மட்டும் அதிர்வைத் தாங்கும் ஷாக் உள்ளதா, இரண்டு பக்கமும் உள்ளதா என்ற விவாதத்தில் ஒரு மாதத்தைக் கழிக்க வேண்டாம். புதிய சைக்கிள் வாங்குவதாக இருந்தால் பந்தயத்துக்கு மூன்று மாதம் முன்பே வாங்கிப் பழகுங்கள்.

இங்கே கருவேல முள்ளில் நாள்தோறும் பஞ்சர். என்னதான் வழி?

டியூப்லெஸ் டயருக்கு மாறுங்கள். நம் பகுதியில் சீமைக் கருவேலம் இல்லாத கண்மாய்க் கரையே இல்லை. அதை வெட்டிப் போட்ட பிறகு தடத்தில் காய்ந்து கிடக்கும் முள் நின்ற மரத்தைவிட ஆபத்தானது. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் சீலண்ட் என்ற பால் போன்ற திரவம் முள் குத்திய துளையைத் தானே அடைத்துவிடும். முள்ளைப் பிடுங்கியதும் துளை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பிச் சற்று நேரம் வைத்தால் திரவம் அங்கே வந்து உறைந்துகொள்ளும். நம் வெப்பத்தில் சீலண்ட் சீக்கிரம் காய்ந்துபோகிறது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை வால்வைக் கழற்றிப் பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய கிழிசல் விழுந்து, வழியில் டயருக்குள் டியூப் போட வேண்டி வரலாம். அப்போது டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். சீலண்ட் அடைத்து வைத்திருந்த பழைய முட்கள் எல்லாம் அங்கே நுனி நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிடுங்காமல் டியூப் போட்டால் நூறு மீட்டர்கூடப் போக முடியாது. இதைத் தெரியாமல் என் கண்முன்னே ஒருவர் அடுத்தடுத்து இரண்டு டியூப்களை இழந்து, பந்தயத்தையும் இழந்தார்.

காற்று எவ்வளவு? பஞ்சர் கடையில் 40 அடித்து அனுப்பிவிடுவார்கள். அது மலைப் பாதைக்கு மிக அதிகம். 2.3 அங்குல டியூப்லெஸ் டயரில், 65 கிலோ எடையுள்ளவர் முன்னே 20, பின்னே 22 அல்லது 23 பிஎஸ்ஐ என்று தொடங்கி, கல்லில் ரிம் இடித்தால் ஒன்று கூட்டி, வழுக்கினால் ஒன்று குறைத்து, தனக்குரிய அளவைக் கண்டுபிடிக்கலாம்.

வழியில் என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

டியூப் ஒன்று, கைப் பம்பு, துளை அடைக்கும் ரப்பர்த் திரி, செயின் உடைக்கும் கருவி, செயினை இணைக்கும் விரைவு இணைப்பு, ஆறு முனைச் சாவிகள் அடங்கிய மடிப்புக் கருவி, காலணியின் அடியில் பெடலோடு பூட்டும் கிளீட்டுக்கான ஆணி ஒன்று, கொஞ்சம் டேப். இவற்றோடு பின் கியர்க் கருவியைச் சட்டகத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்ற சிறு உலோகத் துண்டு. கீழே விழுந்தால் முதலில் வளைவது அதுதான். கருவியைக் காப்பாற்றுவதற்காகவே அதை மெலிதாகச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு சைக்கிள் மாதிரிக்கும் அது வேறு. பந்தய ஊரில் கிடைக்காது, காரைக்குடியிலும் கிடைக்காது. இன்றே இரண்டு வாங்கி வையுங்கள்.

பிரேக் பட்டைகள் இரண்டு ஜோடி கூடுதலாகப் பெட்டியில் இருக்கட்டும். மழையும் சேறும் உள்ள ஒரே நாளில் புதுப் பட்டை தேய்ந்து முடிவதுண்டு. மழை எதிர்பார்த்தால் உலோகக் கலவைப் பட்டை நெடுநேரம் உழைக்கும்.

ஓட்டும்போது என்ன சாப்பிடுவது? வெளிநாட்டு ஜெல் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். எத்தனை கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது என்பதுதான் கணக்கு. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் கட்டத்தில் மணிக்கு 60 கிராம் என்பது நல்ல இலக்கு. குளுக்கோஸை மட்டும் எடுத்தால் குடல் ஏறத்தாழ அந்த 60 கிராமோடு நின்றுவிடும். பிரக்டோஸும் சேர்ந்தால் வேறு வழியாக உறிஞ்சி 90 வரை ஏற்கும். நம் வீட்டுச் சர்க்கரையில் இவை இரண்டும் பாதிக்குப் பாதி இருக்கின்றன. விலையுயர்ந்த பொட்டலத்தில் இருப்பதன் சாரம் உங்கள் அடுக்களை டப்பாவில் இருக்கிறது. 750 மி.லி. பாட்டிலில் 40 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. அதோடு ஒரு வாழைப்பழம். அதில் சுமார் 25 கிராம். ஒரு மணி நேரத்துக்கான கணக்கு முடிந்தது.

கெட்டியாகத் தின்ன வேண்டும் என்று தோன்றும்போது எனக்கு இனிப்புக் குழிப்பணியாரம்தான் கைகொடுக்கிறது. அரிசியும் வெல்லமும், எண்ணெய் மிகக் கொஞ்சம், இரண்டு வாயில் போய்விடும், சட்டைப் பையில் நசுங்காது. வேகவைத்த வெல்லக் கொழுக்கட்டையும் அப்படித்தான். பூரணத்தில் தேங்காயைக் குறைத்துச் செய்யச் சொல்லுங்கள். கந்தரப்பம், வெள்ளைப் பணியாரம் இரண்டும் எண்ணெயில் பொரித்தவை. ஏற்றத்தில் வயிற்றில் கல்லாகக் கிடக்கும். கடலை மிட்டாய் மெதுவான பகுதிக்கு நல்லது, மூச்சிரைக்கும் இடத்தில் வேண்டாம்.

வயிற்றுக்கும் பயிற்சி தேவை. பந்தய நாளில் திடீரென்று மணிக்கு 60 கிராம் போட்டால் குமட்டும். ஒவ்வொரு நீண்ட ஞாயிற்றிலும் அதே அளவு தின்று பழகுங்கள். கைக்கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும்படி வைத்துக்கொண்டு, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஒரு வாய். பசி வந்த பிறகு தின்பது அன்றைக்கு உதவாது, மறுநாளையும் கெடுக்கும்.

காலையில்? இரவில்?

புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு இட்லி, தேன் தடவிய ரொட்டி, வாழைப்பழம் போன்ற இலகுவான உணவு. நெய் மிதக்கும் பொங்கல் அன்றைக்கு வேண்டாம். இரவில் சோறு, பருப்பு, முட்டை, தயிர். நம் வீட்டு மிளகும் சோம்பும் மணக்கும் கோழி வறுவலைப் பந்தயம் முடிந்த மறுநாளுக்கு ஒதுக்கி வையுங்கள். எண்ணெயும் காரமும் தூக்கத்தைக் கெடுக்கும், அதிகாலையில் வயிற்றைக் கலக்கும்.

வடக்கே போகிறவர்களுக்கு ராஜ்மா சோறும் ரொட்டியும் பருப்பும்தான் முகாமில் கிடைக்கும். போவதற்கு முன் இரண்டு வாரம் இங்கேயே ராஜ்மா சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், சிலருக்கு அது வாயுத் தொல்லை தரும். என் பையில் பருப்புப் பொடியும் சிறு புட்டி நல்லெண்ணெயும் எப்போதும் இருக்கும். களைத்த நாளில் சோறு இறங்க மறுத்தால் அந்தப் பொடிதான் இறக்கிவிடும்.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

ஒத்திகை நாளில் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. முழுவதையும் ஓட்டும்போதே திருப்ப வேண்டியதில்லை. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடிக்கிறீர்கள். உப்பில்லாத வெறும் தண்ணீரை அப்படிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் வலிப்பும்கூட வரும்.

ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள். மூடியில்லாத பாட்டில் வாயில் மாட்டுச் சாணம் கலந்த சேறு தெறிக்கும். பந்தயத்தைப் பாதியில் விடவைக்கும் வயிற்றுப்போக்கு பல நேரம் அங்கிருந்துதான் வருகிறது. மூடியுள்ள பாட்டிலோ முதுகுப் பையோ பயன்படுத்துங்கள், சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

உட்காருமிடத்தில் புண் வருகிறது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட வேண்டாம். கால் ஓய்ந்து பந்தயத்தை விட்டவர்களைவிட இந்தப் புண்ணால் விட்டவர்கள் எனக்குத் தெரிந்து அதிகம். சைக்கிள் கால்சட்டைக்கு உள்ளே வேறு உள்ளாடை கூடாது, தையல் அறுக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் துவைத்து முழுதும் உலர்ந்த கால்சட்டை வேண்டும். மலையில் ஒரே இரவில் உலராது, ஆகவே குறைந்தது மூன்று. உராய்வு படும் இடத்தில் அதற்கான கிரீமைத் தடவுங்கள். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் அரட்டைக்கு நிற்காமல் ஈரக் கால்சட்டையைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் சவரம் செய்வதைப் பந்தய வாரத்தில் தவிர்க்கவும். பெண்கள் பெண்களுக்கென்று செய்த அகலமான சீட்டையும் கால்சட்டையையும் மூன்று மாதம் முன்பே தேடிப் பொருத்திக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நாள் பந்தயத்தில் விழுமானால் ஒத்திகையையும் அத்தகைய நாளில் ஒரு முறை செய்து பாருங்கள்.

முதல் நாள் எவ்வளவு வேகமாகப் போகலாம்?

உங்களுக்கு மெதுவாகத் தோன்றும் வேகத்தில். முதல் முறை நான் தொடக்கத்திலேயே முன்வரிசை ஆட்களோடு ஒட்டிக்கொண்டு, முதல் ஏற்றத்தில் பேச முடியாத மூச்சோடு ஏறினேன். அன்று மாலை வந்த வரிசை எண்ணைப் பார்த்து வீட்டுக்குத் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னேன். இரண்டாம் நாள் படியிறங்கும்போதே தொடை நடுங்கியது. மூன்றாம் நாள் நண்பகலில், ஒரு தேவதாரு மரத்தடியில், என்னால் இனி முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் முறை முதல் நாள் முழுக்க ஏற்றங்களில் வாய்விட்டுப் பேசிக்கொண்டே போனேன். முதல் நாள் என்னைத் தாண்டிப் போனவர்களில் பலரை மூன்றாம் நாள் நான் தாண்டினேன். மூன்றாம் நாளுக்குமேல் நாடித்துடிப்பு எவ்வளவு மிதித்தாலும் ஏறாது. களைத்த உடம்பின் இயல்பு அது. கருவியில் பழைய எண்ணைக் கொண்டுவர முயலாதீர்கள், மூச்சை மட்டும் கவனியுங்கள்.

கட்டம் முடிந்த பிறகு மாலையில் என்ன செய்வது?

முதல் அரை மணி நேரத்தில் சாப்பிடுங்கள்: உடல் எடைக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து, 20 முதல் 25 கிராம் புரதம். தயிர் சாதமும் இரண்டு முட்டையும், அல்லது பாலும் வாழைப்பழமும் ரொட்டியும். பிறகு குளியல், காய்ந்த உடை. அதன் பிறகே சைக்கிள். செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு, பிரேக் பட்டையின் கனத்தைப் பார்த்து, எல்லா ஆணிகளையும் ஒரு சுற்று இறுக்கிப் பார்த்து, டயரை விரலால் தடவி முள் தேட 20 நிமிடம் ஆகும். இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். மறுநாள் உடை, பாட்டில், தின்பண்டம் எல்லாவற்றையும் இரவே எடுத்து வைத்துவிட்டு, காலை நீட்டிச் சுவரில் சாய்த்துப் படுத்து, ஒன்பது மணிக்குள் தூங்குங்கள். முகாமில் பக்கத்துக் கூடாரத்துக் குறட்டைக்குக் காதடைப்பான் கொண்டுபோங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

வேண்டாம். நீர்ச்சத்துக் குறைந்த உடம்பில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கருப்புக் காப்பி நிறத்தில் போனால் ஓட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவரைப் பாருங்கள். தலையில் அடிபட்டு மயக்கம், குமட்டல், நினைவுத் தடுமாற்றம் ஏதேனும் இருந்தால் அன்றோடு பந்தயம் முடிந்தது. இதில் பேரம் பேச எதுவுமில்லை. 40 வயதைக் கடந்தவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இங்கே பயிற்சியின்போது நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி போடுங்கள்.

இமயமலைப் பந்தயத்துக்கு உயரமும் குளிரும் தாங்குமா?

காரைக்குடி கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. சிம்லா சுமார் 2,200 மீட்டர், ஜலோரி கணவாய் 3,100 மீட்டருக்கு மேல். மூன்று நான்கு நாள் முன்னதாகப் போய் 2,000 மீட்டர் உயரத்தில் தங்கி, மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் மேலே ஏறாதீர்கள், கூடினால் இறங்குங்கள்.

குளிரைப் பற்றி நம்மவர்கள் போதுமான அளவு யோசிப்பதில்லை. ஏற்றத்தில் வியர்த்து நனைந்த சட்டையோடு கணவாயின் உச்சியைத் தாண்டி இறங்கும்போது கை விரல்கள் மரத்துப் பிரேக்கைப் பிடிக்க முடியாமல் போகும். காற்றுத் தடுப்புச் சட்டையும் முழுவிரல் கையுறையும் எடையைப் பார்க்காமல் பையில் இருக்கட்டும். உச்சியில் நின்று போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

சைக்கிளை எப்படிக் கொண்டுபோவது?

காரைக்குடியிலிருந்து பல்லவனில் சென்னை எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல் போய் டெல்லி ரயில் என்பது பலரும் போகும் வழி. அட்டைப் பெட்டியில் அடைத்து, லக்கேஜாகப் பதிவு செய்து, ரயில் மாறும் இடத்தில் நேரம் தாராளமாக இருக்கும்படி திட்டமிடுங்கள். பெடலைக் கழற்றும்போது இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை என்பதை நினைவில் வையுங்கள். சக்கரத்தை எடுத்ததும் பிரேக் பட்டைகளுக்கு நடுவே மடித்த அட்டையைச் செருகுங்கள். இல்லையென்றால் வழியில் யாரோ பிரேக்கை அழுத்த, பட்டைகள் ஒட்டிக்கொள்ளும். பிரேக் தட்டுகளைக் கழற்றித் துணிகளுக்கு நடுவே வையுங்கள். நான் கழற்றாமல் அனுப்பி, பெட்டியின்மேல் பாரம் ஏற்றப்பட்டு வளைந்த தட்டோடு முதல் கட்டத்தை ஓட்டினேன். காலணி, தலைக்கவசம், ஒரு செட் உடை ஆகியவை கைப்பையில் உங்களோடு வரட்டும்.

இருவர் சேர்ந்து ஓடும் பந்தயத்துக்கு யாரைச் சேர்த்துக்கொள்வது?

உங்கள் வேகத்துக்கு நெருக்கமானவரையும், பசித்த நேரத்தில் எரிந்து விழாதவரையும். கேப் எபிக்கில் இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது என்று விதி இருக்கிறது. வேகமானவர் காத்திருக்கவும், மெதுவானவர் "கொஞ்சம் நில்" என்று வெட்கமின்றிச் சொல்லவும் ஒத்திகையிலேயே பழகுங்கள்.

நான் கடைசியாக வந்துவிட்டால்?

ஒவ்வொரு கட்டத்துக்கும் நேர வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் பின்னால் வரும் வண்டி உங்களை ஏற்றிக்கொள்ளும். சில பந்தயங்களில் மறுநாள் தரவரிசையில் சேராமல் ஓட்ட அனுமதிப்பார்கள். விதிமுறையை முன்பே படித்து, ஒவ்வொரு உணவு நிலையத்தையும் எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிக்கொள்ளுங்கள். கடைசி ஆள்களுக்கு நேரம் பெரும்பாலும் நிலையங்களில் உட்கார்ந்துதான் போகிறது. நகரக் கோவில் சுற்றில் ஐந்து நிமிடத்தில் கிளம்பப் பழகியவருக்கு அந்த இழப்பு இல்லை.

முடித்து ஊர் திரும்பியதும் எப்போது மறுபடி ஓட்டலாம்?

ஒரு வாரம் சைக்கிளைத் தொடாதீர்கள். நன்றாகத் தூங்குங்கள், தள்ளி வைத்த கோழி வறுவலைச் சாப்பிடுங்கள். இரண்டாம் வாரம், மாலை வெயில் தணிந்த பிறகு, குன்றக்குடி வரை மெதுவாகப் போய் வாருங்கள். சீலண்ட் காய்ந்திருக்கும், கிளம்பும் முன் பார்த்து ஊற்றிக்கொள்ளுங்கள்.